முழங்காலுக்குக் கீழே

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்துச் சிரிக்காமல் போனவர்கள் குறைவு. நான்கு கால்களும் நல்ல கனத்த மரம். ஒவ்வொரு காலும் சிங்கத்தின் பாதமாக முடியும். நகம், நகத்துக்கு மேலே தசை மடிப்பு, அதற்கு மேலே சுருள் ரோமம் என்று தச்சர் நாள்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியது. மேலே மட்டும் சாதாரண ஒட்டுப்பலகை, அதன்மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. கோட்டுக்காரனின் காற்சட்டையை மாட்டிக்கொண்டு மேலே ஓட்டைப் பனியனோடு நிற்கிற ஆள் மாதிரி அது அந்த அறையில் நின்றது.

மேசை அப்படி ஆனதற்குக் காரணம் அப்பா. பயணிகள் கப்பல் ஒன்றின் என்ஜின் அறையில் அவர் ஆயில்மேன். ஓடுகிற இயந்திரத்தின் மூட்டுகளுக்கு எண்ணெய் விடுவதும், புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டைச் சொல்வதும் வேலை. விடுமுறையில் வரும்போதெல்லாம் கப்பலின் பெரிய சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றித்தான் பேசுவார். மேசைக்கால் இப்படி, நாற்காலிக்கால் இப்படி, கம்பளத்தில் சிவப்புக் கொடி இலையும் பூவுமாக ஓடும், தூணின் அடியில் பித்தளைப் பட்டை. அம்மா அதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் தச்சரைக் கூப்பிட்டு அதே மாதிரி ஒரு மேசை வேண்டும் என்றாள்.

"காலெல்லாம் புரிஞ்சுது சார். மேல்பலகை எப்படி?" என்று தச்சர் கேட்டார்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "மேல துணி விரிச்சிருக்கும். துணிக்கு அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

ஆகவே ஒட்டுப்பலகை. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா இந்தத் துணிக் கணக்கையே சொல்லுவாள்.

அந்தக் கூடத்தில் அப்பா ஒரு முறை உட்கார்ந்து சாப்பிட்டிருந்தார். அதுதான் அம்மாவின் சொத்து. நடுக்கடலில் புயல், கப்பல் முழுக்க விளக்கு அணைந்துவிட்டது, எண்ணெய்ப் பம்பு அடைத்துக்கொண்டது. அப்பா இருட்டில் கைத்தடவலாகவே அதைக் கழற்றி ஓடவைத்தார். கேப்டன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, தன் மேசையில், தன் பக்கத்து நாற்காலியில் உட்கார்த்திச் சாப்பாடு போட்டார். அண்ணன் பேச்சைத் தட்டிவிட்டு இந்த எண்ணெய்க் கையைக் கல்யாணத்தில் பிடித்தவள் அம்மா. பிறந்த வீட்டார் கூடும் இடத்திலெல்லாம் கழுத்துச் சங்கிலியை எடுத்து வெளியே விடுகிற மாதிரி இந்தக் கதையை எடுத்து விடுவாள்.

அவளுடைய பெரிய அண்ணனுக்குக் கடிகாரக் கடை. வெள்ளைச் சட்டை, சுத்தமான விரல்கள். "வாங்க, கேப்டன் விருந்தாளி வந்தாச்சு" என்றுதான் அப்பாவை வரவேற்பார். "அன்னிக்குச் சாப்ட்டது இன்னும் செரிக்கலையா மாப்பிள்ளை? வருஷா வருஷம் வெளிய வருதே." சுற்றிலும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

மகள் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள்.

"என்னப்பா சாப்பிட்டீங்க அங்க?"

"வாசனைம்மா. சொல்லி மாளாது."

"ருசி?"

"வாசனையே அப்படின்னா ருசியைக் கேக்கணுமா?"

அப்பாவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். மகளைப் பெண் பார்க்க வந்த முதல் ஆளை, அவன் வாயைத் திறக்கும் முன்பே தள்ளிவிட்டார். "ஷூவுக்கு முன்னாடி மட்டும் பாலிஷ் போட்டிருக்கான். குதிகால் பக்கம் தொடவே இல்ல. முதுகுக்குப் பின்னாடி என்ன செய்வானோ." அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அடுத்து வந்தவனைப் பார்த்து, "ரெண்டு குதிகாலும் சமமா தேஞ்சிருக்கு. நேரா நடக்கறவன்" என்றார். அவன்தான் மாப்பிள்ளை. நேராகத்தான் நடக்கிறான்.

ஓய்வு பெற்று வந்த பிறகு அப்பாவுக்கு வீட்டுப் படுக்கை ஒத்துவரவில்லை. "கப்பல்ல மெத்து மெத்துன்னு ஒரு இடம் உண்டு. அதுல படுத்தா அப்படித் தூக்கம் வரும்" என்பார். கேபினா என்று கேட்டால் தலையைப் பாதி ஆட்டுவார். அது ஆமாவா இல்லையா என்று யாரும் நின்று கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் அவர் செத்துப்போனார். நுரையீரல். மூச்சை உள்ளே இழுக்கவே தெரியாதவர் போல, கடைசியில் தோளைத் தூக்கித் தூக்கி இழுத்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "சூட்டுக் குழாய்மேல வெள்ளையாக் கட்டு கட்டுவாங்களே, அந்த வேலை பாத்திருக்கீங்களா?"

"அது வேற ஆளுங்க வேலை டாக்டர். நான் எண்ணெய்" என்றார் அப்பா. அடுத்தவன் வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொள்கிற வழக்கம் என்ஜின் அறையில் கிடையாது. டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த ஆண்டிலேயே கப்பலைப் பழுதுபார்த்து, வர்ணம் அடித்து, துறைமுகத்தில் நிரந்தரமாகக் கட்டிப் போட்டுப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். செய்தியைப் படித்துக் காட்டியதும் அம்மா சொன்னது ஒன்றுதான்.

"உங்க பெரிய மாமாவையும் கூட்டிட்டுப் போகணும்."

"எதுக்கும்மா அவர்?"

"அந்த நாற்காலியை அவர் கண்ணால பாக்கணும். அதுக்குத்தான்."

மகள் மறுக்கவில்லை. அவள் பெரிய கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைக்கிறவள். எந்த அறைக்குள் எவ்வளவு காற்று போகவேண்டும், எந்த வழியாகத் திரும்பவேண்டும் என்று வரைபடம் போடுவது அவள் வேலை. அப்பாவுக்கு மட்டும் ஒரு மூச்சுக் காற்றை அவளால் உள்ளே அனுப்ப முடியவில்லை.

கப்பலில் ஏறும் பாலத்திலேயே மாமா ஆரம்பித்துவிட்டார். கைத்தடியை ஊன்றி நின்று மேலே பார்த்தார்.

"ஏம்மா தங்கச்சி, மாப்பிள்ளை இந்த வழியாவா ஏறியிருப்பார்? பின்னாடி எங்கயாவது ஒரு பொந்து இருக்கும், அது வழியா விட்டிருப்பாங்க."

"எதுல ஏறினா என்ன? எங்க உட்கார்ந்தார்னு பாரு" என்றாள் அம்மா.

"பாக்கத்தானே வந்திருக்கேன். முட்டி ரெண்டும் போச்சு, இருந்தாலும் வந்திருக்கேன்."

வழிகாட்டிப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சட்டையில் சின்னதாக நங்கூரம் குத்தியிருந்தாள். கேப்டனின் அறை, மரச் சக்கரம், பித்தளைத் திசைகாட்டி எல்லாவற்றையும் காட்டினாள். எல்லாம் பளபளவென்று இருந்தன. எண்ணெய் வாடை எங்கும் இல்லை. கீழே போகும் இரும்புப் படிக்கட்டுக்கு முன்னால் சங்கிலி போட்டிருந்தது.

"என்ஜின் ரூமுக்குப் போக முடியாதா?" என்று மகள் கேட்டாள்.

"அங்க கண்ணாடி வழியா ஒரு பார்வை பாக்கலாம் மேடம். கீழ இறங்க அனுமதி இல்ல."

கண்ணாடி வழியாகத் தெரிந்தது பச்சை வர்ணம் அடித்த இயந்திரத்தின் தலை. பக்கத்தில் எண்ணெய்க் குவளை பிடித்த பொம்மை ஒன்று. பொம்மையின் சட்டை தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது. அம்மா அதை ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்தாள். "இந்தச் சட்டையை நான் துவைக்கல" என்றாள்.

பிறகு கூடம்.

எல்லாரும் உள்ளே நுழைந்ததும் தலையைத் தூக்கினார்கள். வர்ணக் கண்ணாடிக் கூரை, சரவிளக்குகள், மாடத்தில் வாத்தியக்காரர்கள் உட்காரும் இடம். அப்பா இவற்றில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் கேட்காமல், நேராகக் கேப்டன் மேசைக்குப் போய் நின்றாள்.

"பாரு" என்றாள்.

சிங்கப் பாதம். நகம், மடிப்பு, சுருள் ரோமம். வீட்டில் இருப்பது அச்சு அசல். கம்பளத்தில் சிவப்புக் கொடி.

"தூணோட பித்தளைப் பட்டையைப் பாருண்ணா. இந்தப் பக்கமா ஒரு நெளிவு இருக்கும். சாப்பாட்டு வண்டி இடிச்சதுன்னு சொல்லுவார்."

மாமா தடியை ஊன்றி மெல்லக் குனிந்தார். நெளிவு இருந்தது. அதன்மேல் விரலை ஓட்டினார். கடிகாரத்துக்குள் தூசி தேடுகிற விரல் அது. நிமிர்வதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"சரிதான்" என்றார்.

நாற்பது வருடத்தில் அவர் அம்மாவிடம் சொன்ன முதல் 'சரிதான்' அதுவாகத்தான் இருக்கும். அம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று மகள் பார்த்தாள். அப்பா செத்த பிறகு அந்த முகம் விரிந்தது அப்போதுதான்.

அதற்குள் வழிகாட்டிப் பெண் கூட்டத்தோடு வந்து சேர்ந்தாள்.

"இதுதான் கேப்டன் மேசை. மேல் பலகையைப் பாருங்க. ஏழு வகை மரத்தை வெட்டிப் பதிச்சுப் பண்ணது. நடுவுல கடல் பறவைங்க. அந்த இறக்கை மினுங்குதே, அது சிப்பி. இந்த மேசைக்கு ஒரு பெருமை உண்டு. கப்பல் ஓடின காலம் முழுக்க இதுமேல துணியே விரிச்சதில்ல."

அம்மாவின் கை, மேசையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றின்மேல் இருந்தது. அப்படியே இருந்தது.

"ஒரு நாள்கூடவா?" என்று மாமா கேட்டார். குரலில் பழைய கிண்டலின் தேன் திரும்பியிருந்தது.

"ஒரு நாள்கூட இல்ல சார். விரிச்சா இந்த வேலைப்பாடு மறைஞ்சிடும்ல. முதலாளியோட உத்தரவு."

"அப்படியா." மாமா தங்கை பக்கம் திரும்பவில்லை. பறவைகளைப் பார்த்தபடியே சொன்னார். "நம்ம மாப்பிள்ளை பாத்தப்போ மட்டும் துணி விரிச்சிருந்துது போல."

மகள் அப்போது தூணுக்குப் பின்னால் இருந்தாள். வேலைப் பழக்கம் அவளை அங்கே கொண்டுபோயிருந்தது. எந்தக் கூடத்துக்குள் போனாலும் காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அவள் கண் தேடும். வரும் வழி கூரையின் ஓரத்தில் தெரிந்தது. போகும் வழி கீழே இருக்கவேண்டும். இருந்தது. சுவர் தரையைத் தொடும் இடத்தில், தூணின் மறைவில், இலை வடிவத்தில் வெட்டிய பித்தளைக் கிராதி. ஒரு முழ அகலம், ஒரு சாண் உயரம். ஒருவன் அந்தப் பக்கம் பக்கவாட்டில் படுத்தால் முகம் சரியாக வந்து நிற்கும் உயரம்.

அவள் உட்கார்ந்து, கிராதியின் பக்கம் தலையைச் சாய்த்து, அங்கிருந்து கூடத்தைப் பார்த்தாள்.

சிங்கப் பாதங்கள். பித்தளைப் பட்டை, அதில் நெளிவு. கம்பளத்தின் சிவப்புக் கொடி. அவற்றுக்கு நடுவே காலணிகள். அப்பா சொன்ன கப்பல் முழுவதும் அங்கே இருந்தது. அப்பா சொல்லாத எதுவும் அங்கே இல்லை.

அவள் எழுந்து வழிகாட்டிப் பெண்ணிடம் போனாள். "அந்தக் கிராதிக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"அங்கயா? குழாய்ங்க போற இடம் மேடம். தாழ்வா இருக்கும், ஆள் தவழ்ந்துதான் போகணும். என்ஜின் ரூம் ஆளுங்க சூடு தாங்காம அதுல வந்து படுத்துப்பாங்களாம். இங்கிருந்து குளிர்ந்த காத்து அது வழியாத்தான் கீழ இறங்கும்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "குழாய்மேல எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கட்டு. தொட்டா மாவு மாதிரி உதிரும், மூச்சுல போனா நுரையீரல்லயே தங்கிடும். அதனாலதான் கீழ யாரையும் விடறதில்ல. உள்ளுக்குள்ள தகடு வெச்சு அடைச்சுட்டாங்க. அடைக்கப் போனவங்களே தலையிலேர்ந்து கால் வரைக்கும் மூடின உடுப்பு போட்டுட்டுத்தான் போனாங்க. பாக்க வர்றவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நீங்க பயப்பட வேண்டாம்."

மகள் பயப்படவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே சூடு. மேலே குளிர்ந்த காற்று, அதில் பெரியவர்கள் சாப்பாட்டின் வாசனை. அது முகத்தில் பட, உடம்புக்குக் கீழே மெத்து மெத்தென்று குழாய்க் கட்டு. ஒவ்வொரு புரளலுக்கும் கொஞ்சம் மாவு. அந்த மாவை முகத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போகும் காற்று. இருபது வருடம். உழைத்த இடம் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஓய்வெடுத்த இடம் தின்றுவிட்டது. குழாய்க்குக் கட்டுக் கட்டினீர்களா என்றுதான் டாக்டர் கேட்டார். அதன்மேல் படுத்தீர்களா என்று கேட்கவில்லை.

திரும்பியபோது அம்மா கிராதிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மகள் உட்கார்ந்து பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். வழிகாட்டிப் பெண் சொன்னதும் காதில் விழுந்திருக்கிறது.

"அம்மா, வேண்டாம். முட்டி வலிக்கும்."

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதலில் ஒரு முட்டி, பிறகு இன்னொன்று, பிறகு கை. சேலையை ஒதுக்கிக்கொண்டு கம்பளத்தில் பக்கவாட்டில் படுத்தாள். பார்க்க வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வழிகாட்டிப் பெண் ஓடிவந்து, "மயக்கமா? தண்ணி கொண்டு வரட்டுமா?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லும்மா, மறைக்குது" என்றாள் அம்மா.

அவள் அங்கே கிடந்து நிதானமாகப் பார்த்தாள். மேசைக் கால்களை ஒவ்வொன்றாக. பட்டையை. கொடியை. மாமா என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

"எழுந்திரு தங்கச்சி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"மானம் போகுது."

"அண்ணா" என்றாள் அம்மா தரையிலிருந்து. "உன் ஷூவுல வலது பக்கத்து அடி பிளந்திருக்கு. பசை போட்டு ஒட்டியிருக்க. மேல இருந்து பாத்தா தெரியல."

மாமா தடியை முன்னால் நகர்த்தி, வலது காலை அதற்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

இறங்கி வந்த பிறகு மாமா வண்டி பிடிக்கப் போனார். அம்மாவும் மகளும் கரையில் ஒரு சிமென்ட் பலகையில் உட்கார்ந்தார்கள். கப்பலின் வெள்ளை வர்ணம் கண்ணைக் கூசவைத்தது.

"படுத்துக்கிட்டுப் பாத்தேன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அம்மா. "ஊரெல்லாம் என்னைப் பேச விட்டு, பக்கத்துல நின்னு சிரிச்சுட்டிருந்தார் மனுஷன்."

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா அந்த மேசையைச் செஞ்சிருக்க மாட்டேன்." கப்பலைப் பார்த்தபடியே சொன்னாள். "அவரையும் மதிச்சிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும்."

மகள் அம்மாவின் சேலையில் ஒட்டியிருந்த கம்பள நூலை எடுத்துப் போட்டாள்.

"அந்தப் பொண்ணு மாவு மாதிரி உதிரும்னு சொல்லிச்சே, அதுவா இவரைக் கொண்டுபோச்சு?"

"அதுதாம்மா."

"லீவுல வர்றப்போ சட்டை முதுகுல வெள்ளையா ஒட்டியிருக்கும். எண்ணெய் வேலைக்காரன் முதுகுல ஏது மாவுன்னு நினைப்பேன். வாசல்ல வெச்சு நல்லா உதறிட்டுத்தான் ஊறவெப்பேன்."

மகள் அம்மாவின் நெஞ்சைப் பார்த்தாள். மூச்சு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தாள். மறுநாளே கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தாள். இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். இது இருபது, முப்பது வருடம் கழித்தும் வரும், வருடம் தவறாமல் வந்து காட்டுங்கள் என்றார். இந்த முறை குழாய்க் கட்டைப் பற்றி மகளே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு என்ன.

மாமாவின் பேரனுக்குக் கல்யாணம் வந்தது. விருந்து மேசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் மாமா, எதிரில் மணப்பெண் வீட்டார். கப்பல் திறந்த பேச்சு வந்தது. அவர்களில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

"எங்க வீட்டுக்காரர் அந்தக் கேப்டன் மேசையில உட்கார்ந்து சாப்பிட்டிருக்கார்" என்றாள் அம்மா.

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அம்மா புயலைச் சொன்னாள், விளக்கு அணைந்ததைச் சொன்னாள், பம்பைச் சொன்னாள். எங்கும் தயங்கவில்லை. சிங்கப் பாதத்தைச் சொன்னாள். பிறகு அங்கே நிற்காமல் மேலே ஏறினாள்.

"மேல் பலகையில ஏழு வகை மரம் பதிச்சிருக்கும். நடுவுல கடல் பறவைங்க. இறக்கை எல்லாம் சிப்பி. விளக்கு பட்டு அது மினுங்குனதுல என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடே இறங்கலையாம். தலைக்கு மேல கண்ணாடிக் கூரை. மாடத்துல வாத்தியம் வாசிச்சாங்களாம்."

"துணி விரிச்சிருப்பாங்களே?" என்றார் எதிரில் இருந்த இன்னொருவர், பேச்சுக்காக.

"ஒரு நாள்கூட விரிச்சதில்ல. முதலாளி உத்தரவு" என்றாள் அம்மா.

அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா மேசைக்கு அடியில், பேரன் கல்யாணத்துக்கென்று பாலிஷ் போட்ட இரண்டு காலையும் மெல்ல நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.